நீர், நீ, நைனா

1. அடையாறில் ஒரு அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் கூடிக்கொண்டிருந்தோம். இடம் போதாமல், தி.நகரில் ஒரு நடனப் பள்ளியின் கூடத்தை ஞாயிறு மாலைகளுக்கு வாடகைக்கு எடுத்தோம்.

2. ஆங்கிலத்தில் மட்டும் நடந்த ஆராதனைக்குத் தமிழ் மட்டுமே பேசுகிறவர்களும் வர வேண்டும் என்று முடிவு செய்தோம். செய்தியை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

3. எங்கள் வீட்டுக்கு மீன் தரும் அக்கா ஒரு வாரம் என்னுடன் வந்தார். பிறகு தானாகவே வரத் தொடங்கினார்.

4. யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்று விடும் நேரத்தில் அவரும் ஜெபித்தார். கடவுளை ‘நைனா’ என்று கூப்பிட்டார்.

5. நான் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும் அந்த நைனாவின் சுகப்பிரசவத்துக்காக ஜெபித்தது.

6. அடுத்த வாரம் விஷயம் தெரிந்து எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

7. அவருக்கு ஒழுங்கான ஜெபத் தமிழ் சொல்லிக்கொடுக்கும்படி என்னைக் கேட்டார்கள்.

8. அவர் வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்தினார்.

இப்படி வரிசைப்படுத்திப் பார்ப்பது தொழில் பழக்கம். தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பிழை கண்ணில் பட்டால், அது எந்தப் படியில் உள்ளே நுழைந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை. மேலே உள்ளதைப் படிக்கிறவர்கள் பிழை ஐந்தாவதில் இருக்கிறது என்பார்கள். எங்கள் சபையிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அது இரண்டாவதில் இருந்தது.

எங்கள் சபைக்குக் கோபுரம் கிடையாது, மணி கிடையாது, பீடமும் கிடையாது. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி பதித்த கூடம். மற்ற நாட்களில் அங்கே சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் போய், அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்து வட்டமாகப் போடுவோம். முதலில் காபி, அப்புறம் பாட்டு, அப்புறம் செய்தி. கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க அங்கே கூடுதலாக ஒரு காரணம் உண்டு: திறந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகம்தான் தெரியும்.

நான் வளர்ந்தது மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய பெரிய சபையில். அங்கே எந்தக் குடும்பம் எந்த வரிசையில் உட்காரும் என்பது எழுதி வைக்காமலே எல்லோருக்கும் தெரியும். யார் பெண் யார் வீட்டுக்குப் போகும் என்பதும் ஏறக்குறைய அந்த வரிசைப்படிதான். அது பிடிக்காமல் வெளியே வந்தவர்கள் எங்கள் கூடத்தில் நிறையப் பேர். வட்டமாக நாற்காலி போடுவதே அதற்காகத்தான்.

சபையை நடத்துபவர் பெங்களூரில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பின் இந்த ஊருக்கு வந்தவர். அங்கி போடுவதில்லை, ஜீன்ஸ்தான். ‘பாஸ்டர்’ என்றால் கூச்சப்படுவார். எங்களுக்கு அவர் அண்ணா. கடைக்குப் போய்ப் பேரம் பேசாமல் திரும்பி வரும் அளவுக்குத் தமிழ் தெரியும். ‘டைவர்சிட்டி’ அவருக்குப் பிடித்த சொல். திரையில் அதைப் பெரிய எழுத்தில் போட்டு அவர் பேசிய அன்று, பக்கத்தில் நின்ற நான் முதலில் ‘பன்முகத்தன்மை’ என்றேன். தமிழுக்காக வந்திருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘எல்லா விதமான ஆட்களும்’ என்று மாற்றினேன். எதிர் நாற்காலியிலிருந்து அக்கா கேட்டார்.

“பல தினுசா கீற ஜனங்கன்னு சொல்றாரா, பாப்பா?”

“ஆமாங்க்கா.”

“அத்த அப்டியே சொல்ல வேண்டியதுதான? நீ இன்னாத்துக்கு மெனக்கெட்டுக்கினு கீற?”

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு என் மொழிபெயர்ப்பு ‘பல தினுசு’தான்.

அக்கா பட்டினப்பாக்கத்துப் பக்கம் கடற்கரைச் சாலையோர மீன் அங்காடியில் கடை வைத்திருக்கிறார். பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். நடுவில் சில காலம் பக்கத்துத் தெருவில் ஓலைக் கொட்டகையில் நடந்த ஒரு ஜெபக் கூட்டத்துக்கும் போயிருக்கிறார். ஞாயிறு காலைதான் மீன் வியாபாரம் அதிகம் என்பதால், மாலையில் கூடும் சபை அவருக்குத் தோதாக இருந்தது. ஆனால் அவர் எங்களிடம் வந்த காரணம் அது இல்லை. முதல் மாதத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார்.

“கோயில்ல ஜெபம் பொஸ்தகத்துல கீது, நம்ம ஆமேன் போட்டா போதும். கொட்டாயில மைக்கு பாஸ்டரு கையில கீது, அவுரு வுடவே மாட்டாரு. இங்கதான் பாப்பா நம்மளயும் வாயத் தொறக்க வுடறாங்கோ.”

அவர் ஜெபிப்பது இப்படி இருக்கும்:

“இன்னா நைனா, நல்லா கீறியா? இந்த வாரம் பூரா காத்து. படகு எதுவும் போவல. உனுக்குத் தெரியாததா? மவ மாசமா கீறா, நைனா. ரொம்ப பயந்துக்கினு கீறா. கொஞ்சம் பாத்துக்க. நீ பாத்துக்குவன்னு எனுக்குத் தெரியும். சும்மா சொல்லி வெக்கிறேன்.”

நைனா என்றால் அப்பா. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் இந்த ஊரில் பிறந்தவர்கள் இல்லை என்பது என் கணக்கில் வரவில்லை.

அலுவலகத்தில் புதிய பதிப்பு வெளியாகும் வேலை இருந்ததால் ஒரு ஞாயிறு நான் போகவில்லை. அன்று அண்ணா தன் சொந்த முயற்சியில் அக்காவின் ஜெபத்தைப் புரிந்துகொண்டார். ஒவ்வொரு வாரமும் நைனா என்ற பெயர் வருகிறது, ‘மாசமா’ என்கிறார், ‘பயம்’ என்கிறார், ‘பாத்துக்க’ என்கிறார். ஆகவே நைனா என்று ஒரு பெண், கர்ப்பமாக இருக்கிறாள், நிலைமை கவலைக்கிடம். அவர் அக்கறையுள்ள மனிதர். கூட்டத்தை எழுந்து நிற்கச் சொல்லி, ஆங்கிலத்தில், உருகி, சகோதரி நைனாவுக்காக ஜெபித்தார். இரவே சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அந்தக் குழுவை நான் ஒலியடைத்து வைத்திருந்ததால் எனக்கு எதுவும் தெரியாது. வாரம் முழுவதும் கூப்பிய கைகள் வந்து குவிந்திருந்தன. யாரோ ஒருவர் நல்ல மகப்பேறு மருத்துவரின் தொலைபேசி எண்கூட அனுப்பியிருந்தார்.

அடுத்த ஞாயிறு, காபி ஊற்றும் இடத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி அக்காவிடம் வந்தாள். நான் பக்கத்தில் சர்க்கரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நைனா எப்படி இருக்காங்க?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அவுருக்கு இன்னா கொறச்சல், நல்லாத்தான் கீறாரு.”

“டெலிவரி எப்போன்னு சொல்லிருக்காங்களா?”

“யாருக்கு?”

“நைனாவுக்கு.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் கைப்பேசியை வாங்கிக் குழுவை மேலிருந்து கீழ்வரை படித்தேன். படித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்.

“இன்னாது! எங்க நைனா மாசமா கீதுன்னு ஜெபம் பண்ணீங்களா?” என்று அவர் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. “சாமிக்கேவா?”

விளக்கம் ஒவ்வொருவராகப் பரவியது. சிரிப்பு அதன் பின்னாலேயே பரவியது. அண்ணா முகம் சிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மூன்று பக்கக் கண்ணாடியிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் அக்கா நிறுத்திவிட்டார், மற்றவர்கள் நிறுத்தவில்லை.

ஆராதனை முடிந்து படி இறங்கும்போது, சபையில் நாங்கள் எல்லோரும் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடும் மூத்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் ஜெபித்தால் ஒரு சொல் பிசகாது. ‘தேவரீர்’ என்பார், ‘உம்முடைய சமுகத்தில்’ என்பார். கேட்கும்போது நம் சட்டையைச் சரிசெய்துகொள்ளத் தோன்றும்.

“நீ அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடும்மா,” என்றார். “பெரிசா ஒண்ணும் வேண்டாம். ‘பிதாவே’ன்னு ஆரம்பிக்கணும். நீ, வான்னு சொல்லாம ‘நீர்’, ‘வாரும்’. அவ்வளவுதான். எல்லாருக்கும் புரியும்ல?”

அண்ணாவும் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தார். பொதுவான மொழி ஒன்று இருந்தால் இந்த மாதிரிக் குழப்பம் வராது என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நான் போய்ப் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அங்காடிக்குப் போனேன். அக்கா சங்கரா மீனை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, சேலையை இழுத்துவிட்டு நின்று, முயற்சி செய்தார்.

“பிதாவே. நீர்…” நிறுத்தினார். “பாப்பா, நீருன்னா தண்ணி தான?”

“தண்ணியும்தான். இது வேற நீர், அக்கா. நீங்கங்கற மாதிரி.”

“கடல்ல கீற தண்ணி பத்தாதா, சாமிய வேற தண்ணின்னு கூப்டணுமா?”

பக்கத்துக் கடைக்காரம்மா மீன்மேல் தெளிக்கும் குவளையைத் தூக்கிக் காட்டினார். “யக்கா, நீரு வோணுமா நீரு? ரெண்டு சொம்பு ஊத்தட்டா?”

“ஏய், போடி. நானே இங்க பாடம் படிச்சிக்கினு கீறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தோ பாரு. என்னப் பெத்த நைனாவ ஒரு நா நான் நீங்கோன்னு கூப்ட்டேன்னு வையி. அது உடனே, ‘இன்னா தப்பு பண்ணிட்டு வந்து நிக்கிற?’ன்னு கேக்கும். மரியாதை குடுத்தா அதுக்கு சந்தேகம் வந்துரும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வுடு பாப்பா. நான் மனசுக்குள்ளயே பண்ணிக்கிறேன். யாருக்கும் ரோதன இல்ல.”

மறுநாள் வந்தார். ஜெப நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டபோது காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்.

“மனசுக்குள்ள பண்ணிக்கிறதுக்கு வூடே போதுமே. ஞாயித்துக்கெழம தி.நகர் கூட்டத்துல பஸ்ல நசுங்கினு இன்னாத்துக்கு வரணும்?”

அவர் சொன்னது சரிதான்.

அந்த வாரமே சபையின் காரியங்களைப் பார்க்கும் நாங்கள் சிலர் அடையாறு வீட்டில் கூடினோம். அண்ணா ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். நான்கு மணிக்கு ஆங்கில ஆராதனை, ஆறு மணிக்குத் தமிழ் ஆராதனை. அவரவர் மொழியில் அவரவர் நிம்மதியாக. இந்த நகரத்தில் பெரும்பாலான சபைகள் செய்வது அதுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதுதான் பிழை இருந்த படி தெளிவாகத் தெரிந்தது.

“அண்ணா, நான் ஒரு வருஷத்துக்கு மேல உங்க பக்கத்துல நின்னு உங்க இங்கிலீஷத் தமிழ்ல சொல்றேன்,” என்றேன். “அக்கா ஜெபத்த ஒரு தடவையாவது இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?”

இல்லை என்று அண்ணா தலையசைத்தார்.

“மொழிபெயர்ப்பு ஒரு பக்கமாத்தான் போச்சு. தமிழ் பேசறவங்க நம்மளக் கேட்கணும்னு ஏற்பாடு பண்ணினோம். நாம அவங்களக் கேட்க எதுவும் பண்ணல. அதனாலதான் நீங்க ஊகிக்க வேண்டி வந்துச்சு. இப்ப ரெண்டாப் பிரிச்சா ஊகிக்கக்கூட வேண்டியதில்ல.”

அண்ணா மெதுவாகக் கேட்டார். “அப்போ எனக்கும் ஒரு டிரான்ஸ்லேட்டர் வேணும்னு சொல்ற?”

“உங்களுக்குத்தான் வேணும்.”

அவர் அதை ஏற்றுக்கொண்டது முகத்தில் தெரிந்தது. ஆன்ட்டி ஏற்கவில்லை.

“டிரான்ஸ்லேஷன் எல்லாம் சரிம்மா. கடவுளைப் போய் நீ, வா, போன்னு… எனக்குக் காது கூசுது.” என்றார். “நான் இந்த ஊர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பக்கத்து சீட்டுப் பொண்ண ‘ஏளா, இங்க வா’ன்னு வாய் தவறிக் கூப்பிட்டுட்டேன். அத வச்சே மாசக்கணக்குல கேலி. அப்புறம் எங்க ஊர்ப் பேச்ச நான் வீட்டோட வச்சுக்கிட்டேன். அவங்களையும் யாரும் சிரிக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன்.”

“சிரிச்சது நாமதானே, ஆன்ட்டி.”

வேதத்திலிருந்தே எடுத்துக் காட்டி வாதாடியிருக்கலாம். ஆனால் வசனத்துக்கு வசனம் எடுப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பேச்சு விடியும்வரை போகும். அதனால் வேறொன்று கேட்டேன்.

“உங்க ஊர்ல நீருன்னு யாரைச் சொல்லுவாங்க?”

“எல்லாரையும்தான். எங்க அப்பா பக்கத்து வீட்டுக்காரரை, கடைக்காரரை, கூட்டாளிகளை, எல்லாரையும் நீரு, வாரும்னுதான்…”

“அப்போ நீங்க ஜெபம் பண்றது உங்க வீட்டுத் தமிழ்.”

“அது வேதத் தமிழ்ளா!” என்றார் ஆன்ட்டி.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த ‘ளா’ அவருக்கே கேட்டது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னமோ செய்யுங்க. நான் மாத்திக்க மாட்டேன்,” என்றார். யாரும் அவரை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை என்று அண்ணா ஆங்கிலத்தில் சொன்னதை, தேவையில்லாமல் நான் தமிழில் திரும்பச் சொன்னேன்.

சனிக்கிழமை அண்ணாவும் நானும் அங்காடிக்குப் போனோம். ஈரத் தரையில் அவருடைய வெள்ளைக் காலணி கொஞ்ச தூரத்திலேயே வெள்ளையாக இல்லாமல் போனது.

“இன்னா பாஸ்டரு, மீனு வோணுமா?” என்றார் அக்கா.

“அக்கா, சாரி. நான் தப்பா புரிஞ்சேன். நீங்க வரணும். ஜெபம் பண்ணணும்.” வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த தமிழ்.

“எப்டி பண்ணணும்? தண்ணி போட்டா, போடாமயா?”

அவருக்குப் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் விளக்கினேன். விளக்கம் முடிவதற்குள்ளாகவே அண்ணா சிரித்தார். இந்த முறை அக்காவும் கடைசிவரை சிரித்தார்.

“உங்களுக்கு எப்படி வருதோ அப்படி,” என்றார் அண்ணா.

“உனுக்குத்தான் புரியாதே.”

“இவங்க சொல்வாங்க.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாப்பா, நான் பேசறத நீ இங்கிலீஷ்ல சொல்லிருவியா? ஒயுங்கா சொல்லுவியா, இல்ல அங்கயும் எங்க நைனாவுக்குப் புள்ள பொறந்துருமா?”

சொல்லிவிடுவேன் என்றேன். அண்ணா கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று எடுத்த மீனை அக்கா அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு வேறு கொடுத்தார்.

ஞாயிறு மாலை, ஜெப நேரத்தில் அக்கா எழுந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்த வேண்டும், நான் சொன்ன பிறகு அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் நிறுத்தவில்லை. நைனாவிடம் காற்றைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார், டீசல் விலையைப் பற்றிப் புகார் செய்தார். நான் இரண்டு வாக்கியம் பின்தங்கி, அப்புறம் நான்கு வாக்கியம் பின்தங்கி, கடைசியில் அவர் சேலைத் தலைப்பை இழுத்தேன்.

“அக்கா, நிறுத்தி நிறுத்தி.”

“நடுவுல நிறுத்துனா அது வேற யாரயாவது பாக்கப் பூடும், பாப்பா. நீ வா பின்னால,” என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

அன்று நான் செய்த மொழிபெயர்ப்பு என் தரத்துக்கு மோசமானது. ‘நைனா’ என்பதை மட்டும் ஆங்கிலமாக்காமல் அப்படியே விட்டேன், அதன் பொருளை ஒருமுறை சொல்லிவிட்டு. ‘சும்மா சொல்லி வெக்கிறேன்’ என்ற வரிக்கு எவ்வளவு முயன்றும் ஆங்கிலம் கிடைக்கவில்லை. ஆனால் மகள் பயந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மருத்துவரின் எண்ணை அனுப்பியிருந்தவர் தானே வந்து அக்காவிடம் பேசினார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் நான் சொன்னேன்.

இப்போது நிலைமை இது. ஆராதனை ஒன்றாகவே நடக்கிறது. இரண்டாகப் பிரிக்கும் யோசனை கைவிடப்படவில்லை, தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாமே இரண்டு தடவை சொல்லப்படுவதால் நேரம் நீள்கிறது. அது பிடிக்காத இரண்டு குடும்பங்கள், சண்டை போடாமல் சொல்லிக்கொண்டு, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் வேறு சபைக்குப் போய்விட்டன. அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. முடிவில் சந்தேகம் இல்லை. ஆன்ட்டி தேவரீர் என்றுதான் ஜெபிக்கிறார். அக்கா ஜெபிக்கும்போது ஆன்ட்டி கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறார், ஆனால் எழுந்து வெளியே போவதில்லை. அக்காவின் மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. மொழிபெயர்க்க இன்னும் ஒருவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், வேலை இரண்டு பக்கமும் இருப்பதால். அக்கா வாராவாரம் வருகிறார், வாய்விட்டு ஜெபிக்கிறார்.